4096 புள்ளிகளில் ஓர் உப்பு வெளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கம்ப்யூட்டர்காரர்களுக்கான பதிவு இல்லை. நான் அகமதாபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். மாத்திரை கரைகிறதா, எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் பிழைப்பு. புரோகிராம் எழுதுவதெல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆகவே தைரியமாக மேலே படிக்கலாம்.

சொல்ல வந்தது இதுதான். தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் நாம் இரண்டு விஷயத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஒன்று கோடிங் கிளாஸ். இன்னொன்று தமிழ் டியூஷன் (ஆள் கிடைத்தால்). இந்த இரண்டுக்கும் போகிற நேரத்தில் ஒரு பதினைந்து நாளை மட்டும் எடுத்து, பிள்ளையோடு கூட உட்கார்ந்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து முடியுங்கள் என்பது என் கட்சி. விளையாடுவதைச் சொல்லவில்லை, செய்வதைச் சொல்கிறேன். அதுவும் ரொம்ப ரொம்பச் சின்னதாக. முடிக்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக.

'கேம் ஜாம்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு தலைப்பையோ கட்டுப்பாட்டையோ கொடுத்து, இத்தனை நாளுக்குள் ஒரு விளையாட்டைச் செய்து கொண்டுவா என்பார்கள். பெரும்பாலும் பரிசெல்லாம் கிடையாது. செய்தவர்கள் ஒருவர் விளையாட்டை ஒருவர் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். லூடம் டேர் என்பது 2002இல் தொடங்கியது. தனி ஆளாக 48 மணி நேரத்தில் முடிப்பது அதன் பேர்பெற்ற விதி. குளோபல் கேம் ஜாம் 2009இல் தொடங்கியது. இந்தத் தூங்காமல் செய்கிற வீரம் எனக்கு ஒத்துவராது. ஆபீஸில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவனுக்குத் தூக்கத்தின் அருமை தெரியும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த 48 மணி நேரப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டுக்குச் சரிப்பட்டது லோரெஸ் ஜாம். நேரம் ஏறக்குறைய இரண்டு வாரம். கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: விளையாட்டின் திரை 64க்கு 64 புள்ளிக்கு மேல் போகக்கூடாது.

64க்கு 64 என்றால் மொத்தம் 4096 புள்ளி. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் கோடிக்கு மேல் புள்ளி இருக்கும். சட்டென்று புரிய வேண்டுமானால் பழைய நோக்கியா 3310ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதன் திரை 84க்கு 48. பெருக்கினால் 4032. ஆக, நாம் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு பாம்பு விளையாடிய அதே அளவு இடம், கூட 64 புள்ளி இனாம். அந்தப் பாம்பு வெறும் சில கட்டம்தான். ஆனாலும் சுவரில் முட்டியபோது நமக்கு வலித்தது இல்லையா? அதுதான் இந்தச் சின்னத் திரையின் சூட்சுமம்.

2023 ஆகஸ்டில் நானும் மகளும் இதில் இறங்கினோம். அப்போது அவளுக்கு 13 வயது. அவளுக்கு வேண்டியது மைன்கிராஃப்ட் மாதிரி, பிழைத்துக் கிடந்து ஊர் சுற்றிப் பார்க்கும் விளையாட்டு. ஆங்கிலத்தில் இந்த வகைக்கே ஒரு பெயர் உண்டு. தமிழில் 'தாக்குப்பிடி' விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெரியாத இடத்தில் நம்மைத் தள்ளிவிடுவார்கள். பசிக்கும், தாகம் எடுக்கும், இருட்டும். விடியும் வரை சாகாமல் இருக்க வேண்டும்.

எனக்கு இந்த வகையில் ஒரு பழைய மனக்குறை. இதில் பெரும்பாலும் நடப்பது என்ன? மரத்தை வெட்டு, கல்லை உடை, கோடரி செய், பெட்டியில் சேர்த்து வை, இன்னும் பெரிய பெட்டி செய். தாக்குப்பிடிப்பது என்று பெயர், நடப்பது பண்டகசாலை நிர்வாகம். ஒரு தனி மனுஷன் காட்டில் இருப்பதையெல்லாம் வழித்தெடுத்துக் கோட்டை கட்டுகிறான். உண்மையில் வறண்ட பூமியில் யாரும் இப்படிப் பிழைப்பதில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் அப்படி ஒரு பூமி இருக்கிறது. சின்ன ரண். கட்ச் வளைகுடாவின் உள்முனையில் ஏறக்குறைய 5000 சதுர கிலோமீட்டர் தட்டை நிலம். மழைக்காலத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் ஏறி முழுக்க ஒரே ஏரி. ஐப்பசி வாக்கில் வற்றிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேற்றுத்தரை. நடுநடுவே மேடான திட்டுகள், 'பேட்' என்பார்கள். காட்டுக் கழுதைக்கான சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஜனவரியில் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே தண்ணீர் வற்றியதும் அகரியா என்னும் உப்புத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டு, பூமிக்கு அடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டி, வெயில் காலம் வரை உப்பு எடுக்கிறார்கள். குடிக்க நல்ல தண்ணீர் அங்கே கிடையாது. லாரியில் வர வேண்டும்.

என் அப்பா தூத்துக்குடிக்காரர், உப்பளத்தில் கணக்கு எழுதியவர். இப்போது எங்களோடு இருக்கிறார். அந்தப் பாத்திகளைப் பார்த்ததும் பத்து வயது குறைந்தவர் மாதிரி இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். இந்தியாவின் உப்பில் பெரும்பங்கு குஜராத்தில்தான் விளைகிறது, அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்பதை வழியெல்லாம் நாலு தடவை சொன்னார். ஆக, மகளுக்குத் தாக்குப்பிடி விளையாட்டு, அப்பாவுக்கு உப்பு, எனக்கு 64 புள்ளி. விளையாட்டின் பெயரே 'உப்பு' என்று வைத்தாயிற்று.

இவ்வளவு சின்னத் திரைக்கு ரண் மாதிரிப் பொருத்தமான இடம் வேறு இல்லை. காட்டை வரைய வேண்டுமானால் இலை வேண்டும், நிழல் வேண்டும், நூறு பச்சை வேண்டும். ரண்ணை வரைய ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும் போதும். வெறுமைதான் அந்த நிலத்தின் குணமே.

கருவி பிக்கோ-8. இது இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கிற மென்பொருள். 16 நிறம், 128க்கு 128 திரை. ஒரே ஒரு கட்டளையில் அதை 64க்கு 64 ஆக்கிக்கொள்ளலாம். மொழி லூவா. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாளில் பிடிபடுகிறது. நிலப்படம் 128க்கு 64 கட்டம் வரை போடலாம், ஒவ்வொரு கட்டமும் 8க்கு 8 புள்ளி. எங்கள் திரையில் ஒரு நேரத்தில் தெரிவது எட்டுக்கு எட்டுக் கட்டம் என்று வைத்துக்கொண்டால், 128 திரை அளவு நிலம். நடந்து பார்த்தால் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆனால் ஒரு கொக்கி. அவ்வளவு பெரிய நிலப்படம் வைத்தால், படம் வரைய இருக்கும் 256 கட்டத்தில் பாதியை அது விழுங்கிவிடும். மிச்சம் 128. தரை, சேறு, குடிசை, லாரி, கழுதை, நாயகன் நடக்கும் நாலு திசை எல்லாம் அதற்குள். எழுத்தும் அதற்குள்தான்.

இங்கேதான் கதை சூடு பிடித்தது.

பிக்கோ-8இல் ஆங்கில எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. ஓர் எழுத்து 3க்கு 5 புள்ளிதான். 64 புள்ளி அகலத்தில் 16 எழுத்து எழுதலாம். தமிழ் இல்லை. வேண்டுமானால் நாமே ஒவ்வொரு எழுத்தையும் படமாக வரைய வேண்டும். நம் எழுத்து 247. இருக்கும் கட்டம் 128. மகள் சர்வசாதாரணமாக, "அப்பா, இங்கிலீஷ்லயே வெச்சிடலாமே" என்றாள். குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்து பள்ளியில் படிக்கிறவள். தமிழ் வீட்டில் பேசுவாள். வாசிக்கச் சொன்னால் பஸ் போர்டு வாசிப்பது போல எழுத்துக் கூட்டுவாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் ஒன்றும் தமிழ் வாழ்க என்று கிளம்பவில்லை. "சரி, எத்தனை வார்த்தை வேணும்னு முதல்ல எழுது" என்றேன்.

அவள் எழுதிய பட்டியலில் முதலில் முப்பதுக்கு மேல் இருந்தது. குறைத்துக் குறைத்து ஒன்பதில் வந்து நின்றது. நீர், நிழல், கல், வழி, நில், போ, தீ, உப்பு, இல்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது சொல்லுக்கும் சேர்த்து வேண்டியது பதினைந்தே எழுத்து. 'தண்ணீர்' என்றுதான் நாங்கள் வீட்டில் சொல்வோம். ஆனால் ண்-ணும் ணீ-யும் எட்டுப் புள்ளியில் எங்கே அடங்குவது? எத்தனை சுழி! 'நீர்' என்றால் வேலை முடிந்தது. இடம் இல்லாத காரணத்தால் எங்கள் வீட்டில் பழைய தமிழ்ச் சொல் ஒன்று திரும்ப வந்தது. இதை எந்த டியூஷன் வாத்தியாரும் செய்திருக்க முடியாது.

அதன் பிறகு நான்கு நாள் எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க எழுத்துதான். 8க்கு 8 கட்டத்தில் புள்ளி வைக்க மேலே ஒரு வரிசை போகும். புள்ளி எழுத்தோடு ஒட்டாமலிருக்க இன்னொரு வரிசை காலி. எழுத்துக்கு மிஞ்சுவது ஆறு வரிசை. அதில் ல் வரைந்து பாருங்கள். ழ-வுக்குக் கீழே வால் வேண்டும். வாலுக்கு இரண்டு புள்ளி குறைந்தால் அது ம ஆகிவிடுகிறது. "இந்த வாலுக்காகத்தானே எல்லாரும் என்னை நாக்கை மடிக்கச் சொல்றீங்க" என்று மகள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தங்கமணி இந்தக் கூத்தில் சேருவதாகவே இல்லை. கடைசியில் கிராஸ் ஸ்டிச் நோட்டைக் கொண்டுவந்து, கட்டத்தாளில் ழ-வை ஒரே தடவையில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். புள்ளியை எண்ணிக் கட்டம் கட்டமாக வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதே இல்லை போலிருக்கிறது.

புள்ளியே வைக்காமல் விட்டுவிட்டால் என்ன என்றும் பேச்சு வந்தது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், இடம் பார்த்துப் படிப்பவர் புரிந்துகொள்வார் என்று அப்பா சொன்னார். "அப்போ அவங்களுக்கும் ரெசல்யூஷன் பிரச்சினையா?" என்றாள் பேத்தி. ஏறக்குறைய அப்படித்தான்.

நல்ல வேடிக்கை 'நீர் இல்லை' என்பதில் நடந்தது. குடம் காலியானால் திரையின் மேல் வரிசையில் இது வர வேண்டும். அங்கே எட்டுக் கட்டம்தான் இடம். நீ-க்கு இரண்டு, ர்-க்கு ஒன்று, இடைவெளி ஒன்று, இ-க்கு இரண்டு, ல்-லுக்கு ஒன்று, லை-க்கு இரண்டு. கூட்டினால் ஒன்பது. ஒரு கட்டம் வெளியே போகிறது. 'நீரில்லை' என்று சேர்த்து எழுதலாமே என்றாள் தங்கமணி சமையலறையிலிருந்து (காது மட்டும் இங்கேதான் இருந்தது போல). இலக்கணப்படி சரி, ஆனால் ரி என்று புதிதாக ஓர் எழுத்து வரைய வேண்டும். அப்பா பேப்பரை வாங்கி, அவர் இன்றைக்கும் எழுதுகிற பழைய லை-யைப் போட்டுக் காட்டினார். யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்து வருமே, அது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சில் இருந்தது. அந்த லை-க்கு ஒரே கட்டம் போதும். மொத்தம் எட்டு. கச்சிதம்! மகள் அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. தாத்தாவின் கடிதங்களில் இருந்தும் கவனித்ததில்லை. இன்றைக்கும் அந்த விளையாட்டில் தாகத்தால் சாகிறவர்கள் எல்லோரும் பழைய லை-யைப் பார்த்துவிட்டுத்தான் சாகிறார்கள் :-)

சரி, விளையாட்டுக்கு வருகிறேன்.

வழக்கமான தாக்குப்பிடி விளையாட்டில் உயிர், பசி, தாகம் என்று மேலே மூன்று பட்டை ஓடும். எங்களுக்குப் பட்டைக்கு இடம் இல்லை. அதனால் தாகம் ஏற ஏறத் திரையே ஓரத்திலிருந்து இருண்டு சுருங்குகிற மாதிரி வைத்தோம். 64 அகலம் தெரிந்தது 40 ஆகும், 24 ஆகும். அப்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. தண்ணீர் குடித்தால் உலகம் மறுபடி விரியும். இது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. இடம் இல்லாத நெருக்கடியில் வந்த யோசனை.

மேல் எட்டு வரிசை அடிவானம். பகலில் அங்கே நீலமாக ஒரு கோடு மினுங்கும். அதை நோக்கி நடந்தால் விலகிக்கொண்டே போகும். கானல். ராத்திரியில் அதே இடத்தில் சில சமயம் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. அது குடிசை விளக்கு. 4096இல் ஒரு புள்ளி. பெரிய திரையில் ஒரு புள்ளியை யார் கவனிப்பார்கள்? இங்கே அதைப் பார்த்ததும் மனசு படபடக்கிறது. பகலில் நடந்தால் தாகம் இரட்டிப்பு, ராத்திரியில் குறைவு. ஆனால் ராத்திரியில் சேறு தெரியாது. ரண்ணில் மேலே காய்ந்து பக்குக் கட்டியிருக்கும், கீழே ஈரச் சேறு இருக்கும். வண்டி இறங்கினால் அப்படியே உட்கார்ந்துவிடும். அந்த இடத்துக்கு ஒரு கட்டம் முன்னால் 'நில்' என்று வரும். கழுதைக் குளம்படியைக் கண்டால் 'வழி'. 'நிழல்' மட்டும் மரத்தடியில் வரும். அங்கே இருக்கிற மரம் நம்ம சீமைக்கருவேலம்தான். குஜராத்தியில் 'காண்டோ பாவல்', பைத்தியக்காரக் கருவேலம் என்று அர்த்தம். ராமநாதபுரத்துக்காரர்கள் பெயர்ப் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்.

இதில் வெட்ட ஒன்றும் கிடையாது. செய்ய ஒன்றும் கிடையாது. சேர்த்து வைக்கப் பெட்டி கிடையாது. பிழைக்க ஒரே வழி, குடிசையைக் கண்டுபிடித்துத் தண்ணீர் கேட்பது. அங்கே ஐந்து குடம் இருக்கும். தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வரும். நீங்கள் ஒரு குடம் எடுத்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு, மூன்று என்று எடுத்தால், யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்தக் குடிசையில் விளக்கு எரியாது. அவர்கள் வேறு குடிசைக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த தடவை நீங்கள் வழிதவறும்போது அந்தத் திசையில் மஞ்சள் புள்ளி இருக்காது.

இந்த விதி மகள் போட்டது. ஜனவரியில் போனபோது ஒரு குடிசையில் எங்களுக்கு டீ கொடுத்தார்கள். லாரித் தண்ணீரில் போட்ட டீ. அதை அவள் மறக்கவில்லை. நான் 'தண்ணீருக்குப் பதில் ஏதாவது வேலை செய்து கொடுக்கிற மாதிரி வைக்கலாமா' என்று கேட்டேன், உப்பு வாருவது போல. "நாம டீக்கு என்ன வேலை செஞ்சோம்?" என்றாள். பேச்சு முடிந்தது.

இதில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. என் கூட வேலை செய்யும் குஜராத்தி நண்பர் ஒருவர் கேட்டார், அங்கே நிஜமாகவே வருஷத்தில் பாதிக்கு மேல் அப்படி வாழ்கிற ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்கள் கஷ்டத்தை வைத்து விளையாட்டா என்று. நான் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பதில் இதுதான்: விளையாடுகிறவர் அகரியா இல்லை. வெளியூரிலிருந்து வந்து வழி தெரியாமல் நிற்கிறவர். அதாவது நம்மைப் போன்றவர். உள்ளூர்க்காரர் படும் பாடு எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் நடிக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நாம் இல்லை என்பதை மட்டும்தான் விதியாக்கினோம். நண்பர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விளையாடிப் பார்த்துவிட்டு, குடிசைகளை இன்னும் தள்ளித் தள்ளிப் போடு, இவ்வளவு நெருக்கமாக இருக்காது என்றார். போட்டோம்.

ஜாமில் போட்டதும் கூட்டம் ஒன்றும் வரவில்லை. ஒரு கைப்பிடி ஆட்கள் விளையாடினார்கள். அதில் ஒருவர், தமிழ் சுத்தமாகத் தெரியாதவர், மூன்றாவது தடவை செத்தபோதுதான் அந்த முதல் சொல்லுக்கு 'தண்ணீர்' என்று அர்த்தம் பிடிபட்டது என்று எழுதியிருந்தார். சொசைட்டியில் மகளின் சிநேகிதிகள், எல்லாம் குஜராத்திப் பிள்ளைகள், சேற்றுக்குப் பக்கத்தில் போகும்போது 'நில்! நில்!' என்று கத்துகிறார்கள். அவள் தமிழ் எழுத்தைத் தன் சிநேகிதிகளுக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை, அவளும் காட்டியதில்லை.

இப்போது கோடிங் கிளாஸுக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில், ஆறு வயதுப் பிள்ளை ஆப் செய்து கோடீஸ்வரனாகிவிட்டது போன்ற விளம்பரங்கள் எப்படிப் பறந்தன என்று நினைவிருக்கும். அதே ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கையிலும் ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் என்று ஒரு வரி இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா. எங்கள் சொசைட்டியிலேயே பல வீடுகளில் சர்டிபிகேட் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் 'நீ என்ன செய்தாய்' என்று கேட்டிருக்கிறேன். சொல்லிக்கொடுத்தவர் நகர்த்தச் சொன்ன கட்டத்தை நகர்த்தியிருக்கிறார்கள். எதைச் செய்வது, எதை விடுவது என்று அவர்கள் ஒரு தடவைகூடத் தீர்மானித்ததில்லை. அந்தத் தீர்மானத்தை யாரோ முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். விளையாட்டு செய்வதில் கோட் எழுதுவது கால்வாசி வேலைகூட இல்லை. முப்பது சொல்லை ஒன்பதாக்குவதுதான் வேலை. 'இதற்கு இடமில்லை' என்று மனசு வலிக்க அழிப்பதுதான் வேலை.

கண் கெட்டுப்போகாதா, ஸ்கிரீன் டைம் என்னாவது என்பவர்களுக்கு: உண்மைதான், இரண்டு வாரமும் அவள் வழக்கத்தைவிட அதிகம் திரை பார்த்தாள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கிடையாது என்பது எங்கள் விதி. அதை மூன்று நாள் மீறினோம். ஆனால் எழுத்து வரைந்தது முழுக்கக் கட்டத்தாளில். நிலப்படம் போட்டது பழைய காலண்டரின் பின்பக்கம். செய்வதையும் விளையாடுவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தமிழ் டியூஷன் பற்றி எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பாடு எனக்குத் தெரியும். ஆலை வேலைக்கு வந்து மணிநகர், கோக்ரா பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த தமிழ் வழிப் பள்ளி ஒன்று மணிநகரில் இருந்தது. மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. அன்றைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கடிதங்கள் வேண்டியதுதான். ஆனால் மாணவர் ஏன் குறைந்தார்கள் என்ற கேள்வி மணிநகரில் இல்லை, என்னைப் போன்றவர்களின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அந்த மொழியை வைத்து இந்த ஊரில் பிள்ளை என்ன செய்யும்? பரீட்சை கிடையாது, கடை போர்டு கிடையாது, சிநேகிதிக்குத் தெரியாது. 'நம்ம மொழி' என்று சொன்னால் மட்டும் பதிமூன்று வயதுக்குப் போதாது. ஏதாவது செய்ய உதவ வேண்டும். ஒரு சேற்றுக் குழிக்கு முன்னால் நிறுத்தவாவது உதவ வேண்டும்.

பெரிதாகப் பீற்றிக்கொள்ளவும் இல்லை. மகள் இன்னும் தமிழ்ப் பேப்பர் முழுப் பக்கம் வாசிப்பதில்லை. அந்தப் பதினைந்து எழுத்தைப் பார்த்தால் மட்டும் கூட்டாமல் வாசிக்கிறாள். அப்புறம் ஊருக்குப் போனால் கடை போர்டுகளைப் பார்த்து, இந்த ழ-வுக்கு வால் சரியில்லை என்று குறை சொல்கிறாள். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதைச் சொன்னால் சிலர் உடனே 'வெண்பா' மாதிரி செய்யலாமே என்கிறார்கள். கனடாவுக்கு 1980களில் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து டொரண்டோவிலிருந்து வந்த விளையாட்டு அது. 2023 ஜூலை கடைசியில், எங்கள் ஜாமுக்குச் சற்று முன்னால் வந்தது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது வாங்கியது. எங்கள் வீட்டில் எல்லோரும் விளையாடினோம், புட்டு அவிக்கிற இடத்தில் தங்கமணிக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அருமையான வேலை. ஆனால் அது தொழில் தெரிந்தவர்கள் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்தது. அதைக் காட்டிப் பிள்ளையிடம் 'நீயும் செய்' என்றால், மிருதங்கம் பழகுகிறவனிடம் முதல் நாளே சபா கச்சேரி கேட்கிற கதைதான். பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் 'பாபா இஸ் யூ'வைக் காட்டுங்கள். திரையில் கிடக்கிற சொற்களைத் தள்ளி இடம் மாற்றினால் விளையாட்டின் விதியே மாறும். 2017 நார்டிக் கேம் ஜாமில் சின்னதாகச் செய்ததுதான் பிறகு பெரிதாக வந்தது. சொல்லே தள்ளுகிற பொருளாக இருக்க முடியும் என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிக்கோ-8க்கு ஒரு தடவை 15 டாலர். உலாவியிலேயே ஓடும் கல்விப் பதிப்பு இலவசம். ஜாமில் சேர வேண்டும் என்று கட்டாயம்கூட இல்லை, ஆனால் கடைசித் தேதி என்று ஒன்று இருந்தால்தான் முடியும் என்பது என் அனுபவம். பிள்ளை யோசனை சொல்லும்போது 'முடியாது' என்பதற்குப் பதில் 'எந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம்' என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களை எழுத்து இலாகாவில் போடுங்கள். உங்கள் ஊரை விளையாட்டில் வையுங்கள், சொந்த ஊரையே வைக்க வேண்டும் என்றில்லை. நொய்டாவில் இருந்தால் பனிமூட்டம் இருக்கிறது, மும்பையில் இருந்தால் லோக்கல் ரயில் இருக்கிறது. தாக்குப்பிடிக்க இடத்துக்கா பஞ்சம்?

அடுத்ததாக அதே ரண்ணை மழைக்காலத்தில் செய்ய எண்ணம், படகில். சூரியனுக்கு 'ஞாயிறு' என்று வைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். ஆனால் ஞா எங்களுக்கு 8க்கு 8இல் வரவே இல்லை. 16 அகலம் கொடுத்தும் ஏதோ நண்டு மாதிரி இருக்கிறது. யாருக்காவது ஒழுங்காக வந்தால் கட்டத்தாளில் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். புண்ணியமாகப் போகும்.